அரை மணிக்கொரு மடவை

கையெழுத்து அப்பால போடலாம் மேடம். பேனாவ மூடி வைங்க. மொதல்ல இந்த ஸ்டூல்ல குந்துங்க. அதுக்கு ஒரு காலு ஆடும், செவுத்துப் பக்கமா சாஞ்சுக்கோங்க, ஒண்ணும் ஆவாது. நீங்க பாட்டுக்கு ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவதான் ஐஸ் ரூம் கதவ தொறக்கணும்னு எழுதி, கையெழுத்து போட்டு, ஜீப்ல ஏறிப் போய்டுவீங்க. நாளைக்கு காலைல இந்த ஜன்னலாண்ட நின்னு ஊரு வாயில வுழறது இந்த செவ்வந்திதான். அதான் கொஞ்சம் கேட்டுட்டு எழுதுங்கன்றேன்.

கரண்டு ஆவுதுதான். இல்லன்னு சொல்லல. கதவ தொறந்தா குளிரு வெளிய வரத்தான் செய்யும். எங்க ஊரு சரவணன் போன்ல படம் புடிச்சு அனுப்பிச்சிருக்கான்னீங்களே, அதுவும் பொய்யில்ல. ஒரே மீனு, ஒரே நாள்ல, பதினாலு தடவ உள்ள போயி வெளிய வந்திருக்குது. நானும் எண்ணுனேன். பதினாலுதான். ஆனா அது எப்படி ஆச்சுன்னு மொதல்லேர்ந்து கேட்டீங்கன்னா, அந்த மீன் மேல உங்களுக்கு கோவம் வராது.

இந்த ரூம் தொறந்து எட்டு மாசம் ஆவுது. உள்ள இருபத்தி நாலு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு பொட்டி. தோ பாருங்க, இந்தப் பலகையில இருபத்தி நாலு ஆணி, ஆணிக்கு ஒரு டோக்கன். பொட்டி உள்ள போனா டோக்கன் உங்க கையில. அரை மணி, முக்கா மணி உள்ள இருந்து மீனு நல்லா சில்லுனு ஆனதும் எடுத்து, ஐஸ் போட்டு வண்டியில ஏத்திட்டு, டோக்கன திருப்பி குடுத்துடணும். அது மறுபடியும் ஆணிக்கு வரும், அடுத்த ஆளுக்குப் போவும். ஆணியில டோக்கன் இல்லன்னா நிக்க வேண்டிதுதான். ராஜாவா இருந்தாலும் சரி, ரஜினி ரசிகர் மன்றத் தலைவரா இருந்தாலும் சரி. இம்மாந்தான் மேடம் எனுக்கு வேல. ஆனா இம்மாத்துக்கே ஊரு ரெண்டு பட்டுச்சு.

மொதல்ல ரூலே கெடயாது. முந்தி வந்தவனுக்கு முந்தி. தோணிரேவுக்காரனுக்கு ரூம் வூட்டு வாசல்ல இருக்குது. சரவணன் விடியறதுக்குள்ள பல்லு கூட வெளக்காம இருபத்தி நாலு பொட்டிய கொண்டாந்து அடுக்கிட்டு, பீடியப் பத்த வெச்சிகினு, வர்றவங்க மூஞ்சிய வேடிக்க பாப்பான். கோட்டகுப்பத்துலேர்ந்து ஜெபசெல்வி நண்டு கொண்டாருவா. எடமணிக்காரங்க எறா கொண்டாருவாங்க. எல்லாம் வெயில்ல. எறா வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னா இன்னா ஆவும்னு உங்களுக்கு தெரியும், மூக்கு இருக்குறவங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாளு ஜெபசெல்வி தாங்க மாட்டாம ஒரு கெளுத்திய எடுத்து சரவணன் மேல வீசுனா. அவன் குனிஞ்சுட்டான். பின்னால நாட்டாமை தேசப்பன் சும்மா வேடிக்க பாக்க வந்தவரு, அவரு கன்னத்துல சப்புனு வுழுந்துது. முள்ளு படல, நல்ல காலம். ஆனா மூணு நாளு அந்தப் பக்கம் அவரு மேல கெளுத்தி வாசன. அப்பதான் இதுக்கு ஒரு நியாயம் பண்ணணும்னு அவருக்கு தோணுச்சு. அடி வாங்குனாதான் மேடம் ஆளுங்களுக்கு நியாயம் தோணுது.

கூட்டம் போட்டாங்க. தேசப்பன் எழுந்து, இதுக்கு எதுக்கு புதுசா மண்டைய ஒடச்சிக்கணும், ஏரியில நாம பாடு வெக்கலயா, அதே மாதிரி வெச்சிடுவோம்னாரு. உங்களுக்கு பாடு தெரியுமா? தெரியாதா, சரி. ஏரியில நல்லா மீன் வுழற எடம் கொஞ்சந்தான். எல்லாரும் ஒரே எடத்துல வலை வுட்டா அடிதடிதான். அதனால முறை போட்டுக்குவாங்க. இன்னிக்கு உன் பாடுன்னா அந்த எடம் உன்னுது. நீ வலை வுடு, வுடாம வூட்டுல இஸ்து போத்திகினு தூங்கு, வேற எவனும் அங்க கை வெக்க மாட்டான். எங்க நைனா காலத்துக்கு முன்னாலேர்ந்து அதான் மொற. அதுல கை வெச்சா ஊரே சேந்து அபராதம் போட்டுடும்.

அப்படியே ஐஸ் ரூமுக்கும் வெச்சாங்க. ஊருக்கு ஒரு லைனு. அன்னன்னிக்கு எத்தினி ஊரு வருதோ, டோக்கன அத்தினி பங்கு போடணும். நாலு ஊரு வந்தா ஆறு ஆறு. மூணு ஊரு வந்தா எட்டு எட்டு. ஒரு ஊரு வந்துட்டா அதோட பங்குல இன்னொரு ஊரு கை வெக்கக் கூடாது. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். கேக்க நல்லாதான் இருந்துது.

இன்னா தப்பா? அதான் சொல்றேன். ஏரியில நீ வலை வுடலன்னா மீனு தண்ணியில உசுரோட திரியும், நாளைக்கு வேற எவனாவது புடிப்பான். ஆணியில டோக்கன் சும்மா தொங்குனா, வெளிய பொட்டியில கெடக்குற எறா நாளைக்கு வரைக்கும் தாங்குமா? இது எங்க யாருக்கும் தோணவே இல்ல. பாடுன்னு ஒரு வார்த்த வந்துட்டா எங்களுக்கு அதுக்கு மேல மூள ஓடாது மேடம்.

அப்ப பாத்து பசியாவரத்துலேர்ந்து ஒரு ஆளு வந்தாரு. அந்த ஊருக்காரங்க யாரும் இங்க வர மாட்டாங்க, தீவுலேர்ந்து நேரா படகுல பழவேற்காடு கரைக்குப் போய்டுவாங்க. இவரு மட்டும் வந்தாரு. கையில ஒரு பொட்டி. பொட்டிக்குள்ள ஒரே ஒரு மடவை மீனு. ஜன்னலாண்ட நின்னுகினு, எந்தப் பக்கமோ பாத்துகினு, பசியாவரம் லைனுன்னாரு. ஒரு ஊரு வந்துட்டா பங்கு குடுத்துதான ஆவணும். ஆறு ஆணி பசியாவரத்துக்கு. அதுல ஒண்ணு அந்த மடவைக்குப் போச்சு. மீதி அஞ்சு தொங்குது. வெளிய ஜெபசெல்வி நண்டு வெச்சிகினு அந்த அஞ்சு டோக்கனையும் பாத்துகினே நிக்கிறா. எடுக்கக் கூடாது, பாடு. வைக்கப்போர்ல நாய் படுத்த கத, தானும் தின்னாது, மாட்டையும் தின்ன வுடாது.

இதப் பாத்துட்டு மத்தவங்க சும்மா இருப்பாங்களா. ரெண்டே நாள்ல எல்லாருக்கும் புத்தி வந்துடுச்சு. ரூல் போட்ட தேசப்பனே வந்து, எங்க தெருவுல ரெண்டு வூடு தனியாதான் இருக்குது, அது தனி ஊருன்னாரு. அந்தத் தெருவுக்கு அன்னிக்கு காலைலதான் தேசப்பன் நகர்னு பேரு வெச்சிருக்காரு, போர்டு பெயிண்டு கூட காயல. அவரு தம்பி மறுநாளு அந்த ரெண்டு வூட்டுல ஒரு வூடு தனி ஊருன்னாரு. காட்டூர்லேர்ந்து செங்கல்வராயன் வந்தாரு. அவரு நெல்லு வெவசாயம் பண்றவரு மேடம், மீன் தொட்டா கைய மூணு தடவ கழுவுவாரு. தலையில ஒரு மோர்ப் பானை. ஏரி உப்புத் தண்ணி எங்க வயல்ல ஏறுதில்ல, அப்ப நாங்களும் ஏரிக்காரங்கதான், காட்டூருக்கு லைன் போடும்மான்னாரு. இன்னா பதில் சொல்றது? உப்பு ஏறுறது உண்மதான. போட்டேன்.

ஒரு நாளு பன்னண்டு லைனு. ஆளுக்கு ரெண்டு டோக்கன். உள்ள போயி பாக்குறேன், இருபத்தி நாலு தட்டுல பத்துல கூட பொட்டி இல்ல. ஒரு தட்டுல மோரு. ஒரு தட்டுல தேசப்பன் வூட்டு மாவு. வெளிய வெயில்ல நாப்பது பொட்டி மீனு. காலியான ரூம ஜில்லுனு வெச்சிகினு இருக்குறேன், கரண்டு ஓடுது. எடமணிக்காரங்க நாலு பொட்டி எறாவ அன்னிக்கு கொண்டு போயி குழி வெட்டி பொதச்சாங்க. எடமணிப் பொம்பளைங்க என்னத் திட்டல. திட்டியிருந்தா கூட பரவால்ல. காலிப் பொட்டிய கழுவி எடுத்துகினு போனாங்க.

மறுநாளு நானே ரூல மாத்துனேன். யாரையும் கேக்கல. அரை மணி நேரம் ஒரு லைன்லேர்ந்து பொட்டியே வரலன்னா அந்த லைனு அவுட்டு. அவங்க ஆணி மத்தவங்களுக்குப் போயிடும். அப்பால வந்தா மறுபடியும் சேத்துக்குவேன், அது வேற. ஆனா சும்மா பேரு மட்டும் குடுத்துட்டு டீ குடிக்கப் போற வேல நடக்காது.

நல்லா வேல செஞ்சுது. தேசப்பன் நகர் அரை மணியில கலஞ்சுது. அவரு தம்பி வூடு அதுக்கு முன்னாலயே கலஞ்சுது. செங்கல்வராயன் ஒரு நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு சொம்பு மோரு கொண்டாந்து பாத்தாரு, காட்டூர்லேர்ந்து சைக்கிள்ல. சாயங்காலம் பெண்டு நிமிந்து, இந்த மோரு சூடாவே இருந்துட்டுப் போவுதுன்னு போய்ட்டாரு. கடைசில எல்லா டூப்பு லைனும் போயி உண்மையான மூணு ஊருதான் மிச்சம். தோணிரேவு, கோட்டகுப்பம், எடமணி.

ஆமா. அவரும்.

அவரு மட்டும் போவல. இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா டாண்ணு ஜன்னலாண்ட வந்துடுவாரு. படகை இந்த கரையிலயே கட்டிட்டு, அதுல குந்தி வலையப் பாக்குற மாதிரி பாத்துகினு இருப்பாரு. வருவாரு. டோக்கன வெப்பாரு, உள்ள இருக்குற மடவைய எடுப்பாரு, போவாரு. ரெண்டு நிமிஷங்கூட ஆவாது, திரும்பி வருவாரு, பொட்டிய வெப்பாரு, டோக்கன வாங்குவாரு. அப்பால இருபத்தஞ்சு நிமிஷம். பசியாவரம் லைனு உசுரோட இருக்குது. ஆறு ஆணி அவருக்கு. அஞ்சு சும்மா தொங்குது.

ரெண்டு நாளு நான் வேற வேற மீனுன்னு நெனச்சிகினு இருந்தேன். மூணாவது நாளு பாத்தா வால்ல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்குது. அதே கிழிசல்தான் முன்னாடி தடவயும். ஒரே மீனு மேடம். கட்ட மாதிரி வெறச்சுப் போயி, அதால கதவத் தட்டுனா சத்தம் வர்ற அளவுக்கு ஆயிடுச்சு. இந்த ரூம்ல என்ன வுட அதிகமா உள்ள போயி வந்தது அந்த மடவைதான். அதுக்கு ஒரு சம்பளம் போடலாம்.

ஏன் தொரத்தலன்னா? ரூல்ல இடமில்ல மேடம். பொட்டி பெருசா இருக்கணும்னு ரூல் இல்ல. மீன் புதுசா இருக்கணும்னு ரூல் இல்ல. சரவணன் வந்து கத்துனான், அக்கா, நீ கண்ணத் தொறந்துகினே ஏமாறுறன்னான். நான் ரூல் ரூலுதான்னேன்.

இல்லல்ல, அந்த அஞ்ச அப்படியே வுட்டுடல. எடமணிக்காரங்க எறாவ பொதச்சது என் கண்ணுலயே நிக்கும்போது எப்படி வுடுவேன். கல்யாணப் பந்தியில இன்னா செய்வாங்க? ஒருத்தருக்கு எல போட்டாச்சு, ஆளு கை கழுவப் போனாரு, வரல. பசியோட நிக்கிறவன அதுல குந்த வெச்சிடுவாங்க. அவரு வந்தாருன்னா அடுத்து எழுந்திரிக்கிற எலய அவருக்கு குடுப்பாங்க. அதான் செஞ்சேன். பசியாவரத்துக்கு கையில ஒண்ணு, ஆணியில எப்பவும் ஒண்ணு. மீதி நாலும் வெளிய நிக்கிறவங்களுக்கு. என்னிக்காவது அவரு படகு நெறைய கொண்டாந்தா, அடுத்து திரும்பி வர்ற டோக்கன் எல்லாம் அவரு பங்கு நெறையிற வரைக்கும் அவருக்கு. யாரு பங்கும் போவல, அந்த ஒண்ணத் தவிர எதுவும் சும்மா தொங்கல. மூணு வாரமா ஒரு பொட்டி மீனு கெடல மேடம். வெளிய போயி யார வேணா கேளுங்க. ஜெபசெல்விய கேளுங்க, அவ பொய்யே பேச மாட்டா, பேசுனா மாட்டிக்குவா.

அப்ப எல்லாம் ஒயுங்காதான நடக்குது. எதுக்கு மாத்தணும்னு நான் கேக்குறேன்.

ஒரு நாளைக்கு ஒரு தடவன்னு எழுதுனீங்கன்னா, கோட்டகுப்பத்துல நண்டு வலை விடியக்காலம் வரும், எறா வலை எட்டு மணிக்கு மேல வரும். நண்டு எறாவுக்காக காத்துகினு நிக்குமா? எடமணி ஆளுங்க வாடக் காத்து அடிச்சா ஒம்பதுக்கு வருவாங்க, இல்லன்னா ஆறுக்கே வருவாங்க. அவங்களுக்குள்ளயே பத்து படகு பத்து நேரம். எல்லாரும் சேந்து வர்றதுக்கு இது இன்னா மஞ்சத் தண்ணி ஊத்துற ஊர்வலமா.

அவங்களுக்கு வேணா வுட்டுட்டு பசியாவரத்துக்கு மட்டும் ஒரு தடவன்னு போடலாமா? அது எப்படி மேடம் நியாயமாவும். ஊருக்கு ஒரு ரூலா? ஒரு ஊர ஒரு மாதிரி, இன்னொரு ஊர வேற மாதிரின்னா நாளைக்கே இன்னொரு கெளுத்தி பறக்கும்.

இல்ல, நான் ஒண்ணும் அவருக்கு பேசல. ரூலுக்குத்தான் பேசுறேன்.

அவரு எதுக்கு வர்றாருன்னு எனுக்கு எப்படி தெரியும். ஒரே மீன வெச்சு வெச்சு எடுத்தா அவருக்கு இன்னா லாபம்னா, அது அவராண்டதான் கேக்கணும். மடவை கொழம்பு ஆவுற பக்குவத்த தாண்டிடுச்சு, அது மட்டும் நிச்சயம். சரி, எழுதிக்கோங்க. பசியாவரம், ஒரு ஆளு, ஒரு மீனு.

பேரா.

பேரு எதுக்கு மேடம். பசியாவரத்து ஆளுன்னு எழுதுனா போதாதா. ரிப்போர்ட்டுக்கு வேணுமா. சரி, வெளிய சரவணன் நிக்கிறான், அவனக் கேளுங்க. அவனுக்கு நல்லா தெரியும்.

தெரியும் மேடம், எனுக்கும் தெரியும். தெரியாம இருக்குமா. வாயால சொல்லக் கூடாது, அதான். புல்லாங்கொழலுக்கு இன்னொரு பேரு இருக்குதில்ல, அதான். கிஷ்ணரு கையில வெச்சிருப்பாரே, அது. ஆங், வேணு. அதேதான். எழுதிக்கோங்க.

இன்னா அப்படி பாக்குறீங்க. என் வூட்டுக்காரருதான் மேடம்.

பத்தொம்பது வருசம் ஆவுது கல்யாணமாயி. இந்த ரூம் தொறந்த மொத நாளு, எங்க வூடு தோணிரேவுலதான, இவரும் நாலு பொட்டி கொண்டாந்தாரு, லேட்டா. முன்னால பத்து பேரு. நேரா ஜன்னலாண்ட வந்து, ஏ செவ்வந்தி, நாலு டோக்கன் எடுன்னாரு. எல்லாரும் பாக்குறாங்க. மொத நாளு வேற. நான், போயி வரிசையில நில்லுன்னேன். நில்லுன்னுட்டேன், நில்லுங்கன்னு கூட சொல்லல. சரவணன் கெக்கேன்னு சிரிச்சான். அம்மாந்தான். நாலு பொட்டியையும் படகுல தூக்கிப் போட்டுகினு பசியாவரத்துல அவங்க அம்மா வூட்டுக்குப் போனவருதான். நான் கூப்பிடணும்னு அவரு இருக்குறாரு. நான் எதுக்கு கூப்பிடணும், தப்பா ஒண்ணும் சொல்லலயே. அவரே வரட்டும்னு நான் இருக்குறேன். எனுக்கும் ரோசம் இருக்குது.

பேச்சா? ஒரு பேச்சும் கெடயாது. பசியாவரம்பாரு. பதினேழும்பேன். அவருக்கு எப்பவும் பதினேழாம் நம்பருதான் எடுத்து குடுப்பேன், பலகையில அது கொஞ்சம் ஓரமா இருக்குது, எடுக்க நேரம் ஆவும். இந்த எட்டு மாசத்துல இம்மாந்தான் எங்க குடும்பம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம், இத எழுத வேணாம். அவருக்கு அரை மணிக்கு ஒரு தடவ வந்தா போதும், லைனு போவாது. மொதல்ல இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவதான் வந்துகினு இருந்தாரு. போன வாரம் இருபது ஆச்சு. நேத்து பாத்தேன், பன்னண்டு நிமிஷத்துலயே வந்து நிக்கிறாரு. ரூலுக்கு அது தேவையே இல்ல. நான் ஒண்ணும் கேக்கல. நீங்க ஒரு நாளைக்கு ஒரு தடவன்னு எழுதிட்டா, ஒரு தடவதான் வருவாரு. அவரும் ரூலுன்னா ரூலுதான்ற ஆளு, என்னாண்ட கத்துக்கினது.

கதவ நான் ஜல்தியா மூடிடறேன், கரண்டு கொறயும். சரவணன நான் பாத்துக்குறேன். அந்த அரை மணியில மட்டும் கை வெக்காதீங்க மேடம்.

தோ, படகுல எழுந்துட்டாரு. கொஞ்சம் ஸ்டூல எடுத்துகினு கதவுக்கு அந்தாண்ட குந்துங்க. எங்கூட உள்ள வேற ஆளு இருந்தா ஜன்னலாண்ட வர மாட்டாரு, கூச்சப்படுவாரு.